வரைந்த தாழ்ப்பாள்

புத்தகத்தில் அது இருநூற்றுப் பதினேழாம் பக்கம்.
ஒன்பது வருஷம் கழித்து அவன் வந்து நிற்கிறான்.
குழல்வாய்மொழி எழுந்து போய்
தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.
‘வெளியே யாரோ கனைத்தார்கள்.’
அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிடும்.
பக்கம் திருப்பினால் ஆடி மாதம், வேறு ஊர்,
நெல் விலை பற்றி இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள்.

செம்பூர் பள்ளிக்கூட அரங்கில்
இது எடுபடாது என்றார் தேவசகாயம்.
“டிக்கெட் வாங்கி வந்தவன்
திறந்தாளா இல்லையான்னு தெரியாம
வீட்டுக்குப் போவானா?”
குழல்வாய்க்கு ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதினார்.
ஒன்பது வருஷத்தையும் வருஷவாரியாக,
ரேஷன் கார்டில் அவன் பேரை அடித்தது உட்பட.
கடைசிச் சொல் ‘வா’.
அது காதில் விழுந்ததும்
பிளைவுட் கதவைத் தள்ளிக்கொண்டு
அருமைநாயகம் உள்ளே வரவேண்டும்.
நிஜத் தாழ்ப்பாள் நிற்கவில்லை,
திருகாணி பலகையைப் பிளந்தது.
கறுப்புப் பெயின்ட்டில் ஒன்று வரைந்துவிட்டார்கள்.

நான் பக்கத் திரைக்குப் பின்னால்
வரி எடுத்துக் கொடுக்கிறவள்.
பகலில் ஃபோர்ட்டில் ஒரு வங்கியில் காசோலைப் பிரிவு:
இரண்டு கையெழுத்தும் ஒன்றுதானா என்று பார்ப்பது.
ஒத்திகை முழுக்கச் சண்டை போட்டேன்.
வசனத்தில் தோற்றேன், ‘வா’வில் தோற்றேன்.
ஒன்றில் மட்டும் விடவில்லை:
“மழை இருக்கு சார் அந்த இடத்துல.
மழை இல்லாம அந்தக் காட்சியே இல்ல.”
மனிதர் அலுத்துப்போய்
ஓர் அலுமினியத் தட்டும்
இரண்டு கிலோ கொண்டைக்கடலையும் வாங்கித் தந்தார்.
ஆட்ட ஒரு பையன்.

சனிக்கிழமை.
ஜெசிந்தா எழுந்தாள், நடந்தாள்,
வரைந்த தாழ்ப்பாளில் கை வைத்தாள்,
மறந்துபோனாள்.

முதல் வரி என் வாயில் இருந்தது.
டார்ச் வெளிச்சத்தில் தாளிலும் இருந்தது.
அவள் கழுத்து என் பக்கம் ஒரு நூல் திரும்பியது.
நான் கொடுக்கவில்லை.
கொடுக்கக் கூடாதென்று நினைத்தேனா?
நினைக்கவில்லை.
பார்த்துக்கொண்டு நின்றேன்.
மேலே மின்விசிறி கரகரத்தது.
பன்வேல் வண்டி ஒன்று சுவரை அதிர்த்துப் போனது.
மூன்றாம் வரிசையில் வளையல் சத்தம் நின்றது.
தட்டில் மழை.
இழுத்தாலும் இழுபடாத ஒன்றை
அவள் விரல் வெளுக்கப் பிடித்திருந்தாள்.
கதவுக்குப் பின்னால்
‘வா’ வராமல், போவதா நிற்பதா தெரியாமல்
ரயில்வே பார்சல் ஆபீஸ் அருமைநாயகம்
கனைத்தார்.

தேவசகாயம் பதறி விளக்கை அணைத்தார்.

கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.
“திறந்தாளா?” என்று இருட்டில்
யாரோ மனைவியிடம் உரக்கக் கேட்டார்.
ஜெசிந்தா முகப்பூச்சோடு நேரே என்னிடம் வந்தாள்.
“வாய்ல என்ன, கொழுக்கட்டையா?”
நியாயம்தான்.
திருப்பிச் சொல்ல எனக்கு யாரும்
வரி எடுத்துக் கொடுக்கவில்லை.

பத்து நாற்பத்திரண்டு, பெண்கள் பெட்டி.
பக்கத்தைத் திறந்தேன்,
ஒப்பிட்டுப் பார்க்க; தொழில் புத்தி.

மழை இல்லை.

முன்பக்கம் தேடினேன், பின்பக்கம் தேடினேன்.
‘காற்றில்லாத இரவு’ என்றுதான் போட்டிருக்கிறது.
மழை, முதன்முதலில் படித்த அன்று
குர்லாவில் பெய்தது.
தண்டவாளம் முங்கி
மூன்று மணி நேரம் நின்ற பெட்டியில்
துப்பட்டாவால் பக்கத்தை ஒற்றி ஒற்றிப் படித்தேன்.
தாளில் அந்தச் சுருக்கம் இன்னும் போகவில்லை.
அவர் என்னென்னவோ சேர்த்தார், எல்லாம் அவர் பேரில்.
பொய்க் கையெழுத்து நான் போட்டது.

அடுத்த வாரம் வாஷியில் இரண்டாம் காட்சி.
தேவசகாயத்திடம் சொல்ல வேண்டும்.
சொல்லலாம்.
வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியது.
மடியில் கடலைப் பை,
குலுங்கும்போதெல்லாம் சன்னமாகப் பெய்தது.
எதிர் சீட்டுக்காரி எட்டிப் பார்த்து
கிலோ எவ்வளவு என்றாள்.
சொன்னேன்.